பாயும் துடுப்பும் பாக்காவ் காடும்

மோட்டார் படகில் ஆற்றைச் சுற்றி வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் அவர்கள் கண்டது ஆற்றின் நடுப்பகுதியைத்தான். கரையோரத்துப் பாக்காவ் காட்டை உள்ளே போய்ப் பார்க்க இயந்திரமில்லாத படகுதான் ஏற்றது.

பாய்மரப் படகில் ஊர் சுற்றுவோர் ஆற்றுவாயிலேயே நங்கூரம் போட்டுவிடுகிறார்கள். அந்தப் படகுக்கு அடியில் ஆழம் வேண்டும்; மரங்கள் காற்றை மறைத்தாலோ பாய் துவண்டுவிடும். அங்கிருந்து கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் உள்ளே போகிறார்கள். அதற்கு ஒரு முழத் தண்ணீர் போதும். மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் சோம்பேறிதான். ஆனாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன் சுமத்திராப் பக்கமிருந்து திடீரென்று மழையும் சூறைக்காற்றும் வருவதுண்டு. அதை மாலுமிகள் 'சுமத்திரா' என்றே அழைக்கிறார்கள்.

காட்டுக்குள் எசமானன் காற்றல்ல, கடல் நீர்தான். நம் மேற்குக் கரையில் நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். ஏறி முடிந்தபின் வற்றி முடிய ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். மறுநாள் இதெல்லாம் சுமார் 50 நிமிடம் பிந்தி நடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதி. கரையோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. நீர் ஏறும்போது மதகு அடைபடுவதையும் வற்றும்போது திறப்பதையும் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

ஆகவே, ஏறுகிற நீரோடு சிற்றோடைக்குள் போய், வற்றத் தொடங்குமுன் வெளியேறிவிட வேண்டும். தாமதித்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளலாம் என்றால் கால் புதையும். மீண்டும் நீர் ஏறும்வரை கொசுவுக்கு விருந்துதான்!

நேரத்தோடு போனவருக்குக் காட்சி ஏராளம். பாக்காவ் மரம் வளைந்த கால்களை ஊன்றி நிற்கும். அதன் விதை தாய் மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகு விழும். அப்பி அப்பி மரமோ சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்களை மேலே நீட்டும். சேற்றுக்குள் காற்றில்லாததால் அவை மூச்சுவிடும் வேர்கள். இந்த வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. சந்தையில் நாம் வாங்கும் இறால்களில் பலவற்றுக்கு இதுதான் தொட்டில்.

கயாக் கிடைக்காதவர்கள் வருந்த வேண்டாம். கோலசிலாங்கூருக்கு அருகில் கம்போங் குவாந்தானில் இரவில் சம்பானில் ஏற்றி, துடுப்புப் போட்டே அழைத்துப் போவார்கள். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். தீபாவளி விளக்கு தோற்றது போங்கள்!

ஆனால் ஒன்று. மின்மினி மின்னுவது மரத்தில். அதன் புழு வளர்வதோ கரைக்குப் பின்னால் உள்ள ஈரப் புதரில், சிறு நத்தைகளைத் தின்று. ஆற்றோர மரத்தை மட்டும் விட்டுவைத்து, பின்னால் உள்ளதையெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டால் புழுவுக்கு இடம் ஏது? மருந்தடிக்கும் வேலையில் இருப்போர் வாய்க்கால் ஓரத்தில் இதை மனத்தில் வைத்தால் நல்லது.

போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிப் போங்கள். நிலவில்லாத இரவில்தான் வெளிச்சம் எடுப்பாகத் தெரியும். மழையென்றால் மற்றொரு நாள் பாருங்கள். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கேட்டு வாங்கி மாட்டுங்கள். டார்ச் லைட் பைக்குள்ளேயே இருக்கட்டும்.