வில் வண்டியும் எங்கள் அம்பாசடரும்

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது பழமொழி. ஆனால் அச்சு நன்றாக இருந்தும், அதைப் பிடித்திருக்கும் பிடிப்பு தளர்ந்தால் வண்டி தடுமாறும். இதை நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம்.

எங்கள் தாத்தா விட்டுச் சென்ற 1998-ஆம் ஆண்டு அம்பாசடர் கார் ஒன்று எங்கள் வீட்டில் உள்ளது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார் அது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. முழங்கால் வலியுள்ள எங்கள் ஆயாவுக்கு, இருக்கை உயரமான அந்தக் காரில்தான் ஏறி இறங்க முடியும். மாதம் ஒருமுறை கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு வைத்தியத்துக்காக அதில்தான் அழைத்துச் செல்வோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள், ஆலப்பாக்கம் தாண்டியதும் காரின் பின்பக்கம் வாலாட்டத் தொடங்கியது. பேருந்து ஒன்று எங்களை முந்தியபோது, அப்பா ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தும் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்தது. ஆயா எங்கள் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார். ஊருக்குத் திரும்பி ஒரு பட்டறையில் காட்டினோம். பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். பணம் செலவானது, ஆட்டம் நிற்கவில்லை. “இனிமேல் இதை விற்றுவிட வேண்டியதுதான்” என்றார் அப்பா. அன்று இரவு ஆயா சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் மெல்ல ஓட்டிக்கொண்டு சிதம்பரம் சென்றபோது, அங்கே வயதான மேஸ்திரி ஒருவரிடம் காரை விட்டோம். “பாப்பா, வில் வண்டி பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டு அவர் விளக்கியதையே இங்கு எழுதுகிறோம்.

வில் வண்டியில் இருப்பது போலவே, அம்பாசடரின் பின்பக்கத்திலும் வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்காக உள்ளன. இந்த ஸ்பிரிங் பட்டை பாரத்தைத் தாங்குவதோடு, பின் அச்சு இடம் மாறாமலும் பிடித்துக்கொள்கிறது. அச்சையும் பட்டையையும் இறுக்கிக் கட்டுவது யு போல்ட்டு. பாரம் ஏறினால் வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். ஆகவே அதன் முன் நுனி காரோடு நிலையாகப் பொருத்தப்பட்டு, பின் நுனி மட்டும் ஊஞ்சல் போல ஆடும் ஷாக்கிலில் தொங்குகிறது. இரு நுனிகளிலும் இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க ரப்பர் புஷ் உண்டு.

புஷ் தேய்ந்தால் அச்சு பக்கவாட்டில் நகரும். யு போல்ட்டு தளர்ந்தால் அச்சு ஒருபுறம் முன்னும் பின்னுமாக நகர்ந்து கோணலாகும். அப்போது பின் சக்கரங்கள் தாமாகவே வேறு திசைக்குத் திரும்பும். ஷாக் அப்சார்பரின் வேலை மேலும் கீழும் குதிப்பதை அடக்குவது மட்டுமே. அச்சை இடத்தில் நிறுத்துவது அதன் வேலையன்று. முதல் பட்டறையில் செய்த செலவு ஏன் பயன்படவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

மேஸ்திரி சோதித்த முறை இது. முதலில் டயர்களின் காற்றையும் சக்கர நட்டுகளையும் பார்த்தார். பிறகு காரின் பின்மூலையை அழுத்திவிட்டார். அது ஒருமுறை எழும்பி அடங்கியது. எனவே ஷாக் அப்சார்பரில் குறையில்லை. அடுத்து ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகள் மேல் காரை நிறுத்தி, கடப்பாரையால் ஷாக்கிலை நெம்பினார். புஷ் நைந்துபோய் இரும்பு கடகடவென ஆடியது. இடப்பக்கத்து யு போல்ட்டு தளர்ந்திருந்தது. ஒரு பட்டையில் விரிசலும் இருந்தது. “கடல் காற்று பட்ட இரும்பு, சார். துருவைத் துடைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும்” என்றார் அப்பாவிடம்.

இரு பக்கத்துப் புஷ்களையும், யு போல்ட்டுகளையும், விரிந்த பட்டையையும் மாற்றினார். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்பதால், சோப்பு நீர் தடவிப் புஷ்களை நுழைத்தார். காரைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரங்கள் மேல் வந்த பிறகே ஷாக்கில் நட்டுகளை முழுவதும் முடுக்கினார். தூக்கிய நிலையில் முடுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடுமாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மீண்டும் முடுக்க வரச் சொன்னார், அப்படியே செய்தோம்.

பழைய கார் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சமதரையில் காரை நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஒருபுறம் சாய்ந்திருந்தாலோ, மேடுபள்ளத்தில் ‘கடக்’ என்ற ஓசை கேட்டாலோ, உடனே பட்டறையில் காட்டுங்கள். வெறும் ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் யாரும் ஒருபோதும் நுழைய வேண்டாம்.

அன்று மாலை வீடு திரும்பும்போது ஆலப்பாக்கம் வந்தது தெரியவில்லை. மீண்டும் ஒரு பேருந்து முந்தியது. கார் கோடு போட்டது போல் நேராகச் சென்றது. ஆயா கடலூர் வரும்வரை அயர்ந்து தூங்கினார். விற்பது பற்றி அப்பா பிறகு பேசவே இல்லை.

தோழியரே! குறை எங்கே என்று அறியாமல் செய்யும் செலவு வீண். பொறுமையாகத் தேடினால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டில்கூட விடை இருக்கும்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு