சோலைமந்தியும் குடற்புழுவும்

குரங்கு, முசு, ஊகம் எனக் குரங்கினத்தின் வகைகளை வேறுபடுத்தி அறிந்தது தமிழ் மரபு. அவற்றின் பெண்ணுக்கு 'மந்தி' என்னும் பெயர் உரியது எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. நாஞ்சில் நாட்டுக்கு அரணாக நிற்கும் அகத்தியமலைத் தொடரில் நாட்டுக்குரங்கு, கருமந்தி, சோலைமந்தி ஆகியவை வாழ்கின்றன. சிங்கவால் குரங்கு எனவும் வழங்கும் சோலைமந்தி, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே காணப்படுவது. அதன் வாழிடத்தின் தென்கோடி இம்மலைத்தொடரே. சில ஆயிரம் எண்ணிக்கையில் எஞ்சியுள்ள அவ்வினத்திற்குக் காடழிப்பும் வேட்டையும் வெளிப்படையான பகைகள். குடற்புழுவோ கண்ணுக்குப் புலப்படாத பகை.

புழுவின் வழி

ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உயிரை விருந்தோம்பி என்பர். விருந்தோம்பி இறந்தால் ஒட்டுண்ணிக்கும் வாழ்வில்லை. ஆதலால், நன்கு உண்டு வலுவுடன் இருக்கும் குரங்கின் குடலில் சில புழுக்கள் இருப்பது பெருந்தீங்கன்று. எண்ணிக்கை மிகும்போதுதான் சத்துக் குறைந்து உடல் மெலியும். பிற நோய்களும் எளிதில் பற்றும்.

சாட்டைப்புழுவின் முட்டைகள் எச்சத்துடன் வெளியேறி, ஈரமான நிழல்மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்து, உணவின் வழியே மீண்டும் ஓர் உடலை அடைகின்றன. நூற்புழுவின் இளம்புழுவோ தோலைத் துளைத்தே உள்ளே புகும். இவ்விரண்டுக்கும் மண்ணே இடைவழி.

உயரம் தரும் காப்பு

சோலைமந்தி பெரும்பொழுதை மர உச்சிகளிலேயே கழிப்பது. எச்சம் கீழே விழ, கூட்டம் கிளைவழியே அடுத்த இடத்திற்கு நகர்ந்துவிடும். தேயிலைத் தோட்டமும் சாலையும் குறுக்கிட்டுக் கிளைத்தொடர் அறுந்தால், அது மண்ணில் இறங்கியே ஆகவேண்டும். அங்கே மனிதர், கால்நடை ஆகியோரின் கழிவோடு தொடர்பு நேர்கிறது. சிறு காட்டுத்துண்டுக்குள் அடைபட்ட கூட்டம், தன் எச்சம் விழுந்த இடத்திற்கே திரும்பத் திரும்ப வரவும் நேர்கிறது.

ஆனைமலைப் பகுதியின் காட்டுத்துண்டுகளில் வாழும் சோலைமந்திகளை ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். குரங்குகளைப் பிடிக்காமல், அவற்றின் எச்சத்தைத் திரட்டி நுண்ணோக்கியில் நோக்கினர். மனிதக் குடியிருப்பு உள்ள துண்டுகளில் ஒட்டுண்ணித் தொற்று கூடுதலாக இருந்ததை 2013இல் வெளியிட்டனர்.

காடே மருந்தகம்

ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், மகாலே மலைக்காட்டுச் சிம்பன்சிகள் சொரசொரப்பான சில இலைகளை மெல்லாமல் விழுங்குகின்றன. செரிக்காத அவ்விலைகள் குடற்புழுக்களையும் உடன்கொண்டு வெளியேறுகின்றன. நோயுற்ற சிம்பன்சி ஒருவகைச் செடியின் கசப்பான தண்டுச்சாற்றை உறிஞ்சுவதும் அறியப்பட்டுள்ளது. குடற்புழுவுக்கு வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்த நம் வீட்டு வழக்கத்தோடு இஃது ஒப்பிடத்தக்கது. பல்வகைச் செடிகொடிகள் நிறைந்த காடு இத்தகைய மருந்துக்கும் இடம் தருகிறது. இரப்பர் போன்ற ஒரே பயிர் பரந்த நிலத்தில் அவ்வளம் இல்லை.

செய்யத்தக்கவை

சோலைமந்தி ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். அடுத்த ஈற்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே இழப்பை ஈடுசெய்வது எளிதன்று. காட்டுக் குரங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து புகட்டுவதும் இயலாது. தொற்றும் வழியை அடைப்பதே தக்கது. வால்பாறையில் சாலைக்கு மேலே மரங்களை இணைத்துக் கட்டிய தொங்குபாலங்கள் குரங்குகள் தரையில் இறங்காமல் கடக்க உதவுகின்றன. அறுந்த இடங்களில் காட்டுமரங்களை நட்டுக் கிளைத்தொடரை மீட்பது நிலையான தீர்வாகும்.

மலையடிவாரத்து ஊர்களில் கழிப்பறைப் பயன்பாடும் குடற்புழு நீக்க மாத்திரையும் மனிதர் நலத்தோடு காட்டின் நலத்தையும் காக்கும். காளிகேசம் போன்ற இடங்களுக்குச் செல்வோர் குரங்குகளுக்கு உணவு இடாமலும் எச்சில் உணவை எறியாமலும் திரும்புதல் வேண்டும். இரக்கத்தால் நீட்டும் ஒரு வாழைப்பழமும் மரத்தில் வாழும் உயிரைப் புழு காத்திருக்கும் மண்ணுக்கு இறக்கிவிடும்.