சிவப்பு ஒயினில் மிளகு வாசம் எப்படி?

பெரம்பலூர் சின்ன வெங்காயம், அரியலூர் முந்திரி என ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு ருசி உண்டு. பெங்களூரு அருகே நந்தி மலை அடிவாரத் திராட்சைக்கும் அப்படித்தான். அங்கே தயாராகும் ‘லா ரிசர்வ்’ சிவப்பு ஒயின், கேபர்னே சாவிஞான், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை ரகங்களின் கலவை.

கேபர்னே தருவது துவர்ப்பு. நாவல் பழம் தின்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதே டானின்தான். ஷிராஸ் தருவது பழச்சுவையும் மிளகு வாசமும். மிளகில் உள்ள ‘ரோட்டண்டோன்’தான் ஷிராஸிலும் மணக்கிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். துவர்ப்பு மிஞ்சினால் வாய் வறளும். பழம் மிஞ்சினால் திகட்டும். இரண்டும் அளவாகச் சேர்வதே பக்குவம்.

‘சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்பவர்கள் உண்டு. ஆனால், பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ருசி வேறு, மருந்து வேறு!