புயல் நாளில் உங்கள் ஃபைல் எங்கே இருக்கும்?

2011 டிசம்பர் 30 காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் மின்சாரம் இரவே போய்விட்டது. யுபிஎஸ் கொஞ்ச நேரம் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு ஓய்ந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குத் தலைசுற்றல். அவர் சர்க்கரை நோயாளி. அவருடைய மருந்துப் பட்டியலை எக்செல் ஃபைலில் அழகாகப் போட்டு வைத்திருந்தேன். என்ன பயன்? கம்ப்யூட்டர்தான் ஓடவில்லையே!

தெருவெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். "பெரியவர் என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று நர்ஸ் கேட்டார். எனக்குப் பாதிதான் நினைவிருந்தது. அம்மா பையில் அள்ளிப் போட்டு வந்த காலி மாத்திரை அட்டைகள்தான் கைகொடுத்தன. அங்கேயும் கம்ப்யூட்டர் ஓடவில்லை. ஆனால் யாரும் திகைக்கவில்லை. டிராயரைத் திறந்து, அச்சடித்த படிவத்தில் எழுத ஆரம்பித்தார்கள். அப்பா மாலையே வீடு திரும்பினார்.

பேரிடருக்கு ஆஸ்பத்திரிகள் தயாராவது இப்படித்தான். ஜெனரேட்டர் மின்சாரம் முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி ஆகியவற்றுக்குப் போகும். ஜெனரேட்டர் கிளம்பும் வரையுள்ள சில விநாடிகளை யுபிஎஸ் தாங்கும். கூட்டம் அதிகமானால் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்பை முதலில் கவனிப்பார்கள். ஓர் ஆஸ்பத்திரி நிரம்பினால் ஆம்புலன்ஸ் அடுத்ததற்குத் திரும்ப வேண்டும். அதற்காகக் காலிப் படுக்கை விவரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் ஆஸ்பத்திரிப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. மருந்துப் பட்டியல், ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், டாக்டரின் போன் நம்பர் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் டைப் செய்து பிரின்ட் எடுங்கள். மருந்து மாறும்போது பிரின்டையும் மாற்றுங்கள்.

2. அதன் நகலைப் பென் டிரைவிலும் செல்போனிலும் வையுங்கள்.

3. 14 இலக்க 'ஆபா' எண் பெறுங்கள். இத்திட்டம் 2020-இல் சோதனை முறையில் தொடங்கிய யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று.

4. வீட்டு யுபிஎஸ், வேலையைச் சேமித்துவிட்டு முறையாக ஷட் டவுன் செய்வதற்குத்தான். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தெருவில் வெள்ளம். இந்த முறை அப்பாவின் பட்டியல் பிளாஸ்டிக் கவரில், வாசற்கதவு ஆணியில் தொங்கியது. நல்லவேளையாக, அதை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை.