கைப்பட – 14: இரண்டு பூக்கடதாசிக்கு நடுவில்

ஒக்டோபர் 6, இலங்கையில் ஆசிரியர் தினம். அதற்காகப் பிள்ளைகள் செய்யும் வாழ்த்து மடல்களில் உழைப்புக்குக் குறைவிராது. சிவப்பு பிரிஸ்டல் போர்ட், அதன்மேல் நீலப் பூப்போட்ட கிஃப்ட் கடதாசி, பக்கத்திலே பச்சைக் கோடு போட்ட இன்னொன்று, ஓரமெல்லாம் பொன் மினுக்கம். ஒவ்வொன்றும் அழகுதான். சேர்ந்தபோதுதான் சண்டை பிடிக்கின்றன.

நிறங்களைச் சமாதானமாக உட்காரவைக்கும் வித்தை நமக்குத் தூரத்தில் இல்லை. மாத்தளை மாவட்டத்திலேயே, ஹபுவிட கிராமத்து அரக்கு வேலையில் இருக்கிறது. அங்கே தூரிகை கிடையாது. தணலில் காட்டி இளக்கிய அரக்கை மெல்லிய நூலாக இழுத்து, கைத்தடியிலோ விசிறிப் பிடியிலோ வளைத்து ஒட்டி, பெருவிரல் நகத்தால் கிள்ளி அறுப்பார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், அவற்றோடு கறுப்பும் பச்சையும். பழைய வேலைகளில் பெரும்பாலும் இந்த நாலு நிறந்தான். கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இந்த நகவேலைக்கும் இடம் கொடுத்தார்.

அப்படி ஒரு கைத்தடியைக் கிட்ட வைத்துப் பாருங்கள். ஒரு கோலப் பட்டை முடிந்ததும் அடுத்த கோலம் உடனே வராது. நடுவில் வெறும் சிவப்போ கறுப்போ ஒரு வளையமாக ஓடும். கண் அங்கே மூச்சு விடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல நிறப் பாடம் இல்லை.

இனி மடலுக்கு வருவோம். முதலில் பூக்கடதாசியைத் தெரிவுசெய்யுங்கள், போர்ட்டை அல்ல. பூக்கடதாசிக்குள்ளேயே மூன்று நிறமாவது இருக்கும். அதில் ஆகக் குறைவாக வரும் நிறத்தை, இலைக்காம்பிலோ பூவின் நடுப் பொட்டிலோ தெரியும் நிறத்தை, அந்த வளையத்தைப்போல் நடுவில் ஓடும் வெறும் பட்டைக்கு எடுங்கள். போர்ட் வெளிர் நிறமாக இருக்கட்டும். கடையின் மின்குமிழ் வெளிச்சம் ஏமாற்றும். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒத்துப்பாருங்கள். இரண்டாவது பூக்கடதாசி வேண்டுமானால், ஒன்றில் பெரிய பூ, மற்றதில் பொடிப் புள்ளி. நடுவில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெறும் பட்டை.

ஏ4 அளவுப் போர்ட்டை இரண்டாக மடித்தால் மடல் அளவு வந்துவிடும். ஆனால் வெறுங்கையால் மடிக்காதீர்கள். மை தீர்ந்த பேனையை அடிமட்டத்தோடு அழுத்தி இழுத்துத் தடம் பதித்து, அந்தத் தடத்தில் மடியுங்கள். விளிம்பு வெடிக்காது. பூக்கடதாசியை நாலு பக்கமும் அரைச் சென்ரிமீற்றர் குறைத்து வெட்டுங்கள். போர்ட் தன்னாலே சட்டமாக நிற்கும். பசை மிக மெல்லிசாக, ஓரம் வரைக்கும். தண்ணிப் பசை தாராளமாகப் பூசினால் கடதாசி ஊதிச் சுருண்டுவிடும். ஒட்டியதும் ஒரு தடித்த அகராதிக்கு அடியில் இரவு முழுக்க வையுங்கள்.

மினுக்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பிள்ளை ஆசைப்பட்டால் பூவின் நடுவில் ஒரு பொட்டு வைக்கட்டும். அந்த நடுப்பட்டையை மட்டும் தொட விடாதீர்கள்.

(அடுத்த வாரம்: மடலுக்கு ஏற்ற உறை)