கூரைமேல் எழும் வெண்புகை: பெருங்கட்டடங்களின் குளிரூட்டல் கோபுரங்கள்

இலையுதிர்காலத்துக் காலைப்பொழுதுகளில் ரொறன்ரோவின் பெரிய கட்டடங்கள் சிலவற்றின் கூரையிலிருந்து வெண்புகை எழுவதுபோலத் தோன்றும். அது புகையன்று; குளிர்ந்த காற்றில் கலக்கும் நீராவியே மூடுபனியாகக் கண்ணுக்குப் புலப்படுகிறது. மருத்துவமனைகள், அலுவலகங்கள், வணிக வளாகங்கள், முதியோர் இல்லங்கள் முதலிய பல கட்டடங்களின் குளிரூட்டல் கோபுரங்கள் கூரைமீதே அமைந்துள்ளன.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இக்கோபுரத்தின் செயற்பாடு புதிதன்று. பானையின் நுண்துளைகளூடாகக் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஆகவே, 100 லீற்றர் நீரில் ஒரேயொரு லீற்றர் ஆவியாகி வெளியேறினாலும், எஞ்சிய நீர் ஏறக்குறைய 6 பாகை குளிர்ந்துவிடும்.

கட்டடத்தின் அறைகளிலுள்ள வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் குளிர்நீர் உறிஞ்சிக் குளிரூட்டும் இயந்திரத்திடம் சேர்க்கிறது. இயந்திரம் அவ்வெப்பத்தை வேறொரு நீர்ச்சுற்றுக்கு மாற்றுகிறது. இவ்வாறு 35 பாகை செல்சியஸ் அளவிற்குச் சூடேறிய நீர், பம்பியினால் கூரைக்கு ஏற்றப்பட்டுக் கோபுரத்தின் மேற்பகுதியிலிருந்து தூவப்படுகிறது. உள்ளே அடுக்கப்பட்டுள்ள மடிப்புடைய பிளாஸ்டிக் தகடுகளின்மீது அது மெல்லிய படலமாகப் பரவி வழிகையில், பெரிய விசிறியொன்று அவற்றினூடாகக் காற்றை இழுக்கிறது. சிறுபகுதி ஆவியாக, மீதி நீர் 29 அல்லது 30 பாகையளவில் அடித்தொட்டியில் சேர்ந்து மீண்டும் இயந்திரத்துக்குச் செல்கிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்துவிட்டால் ஆவியாதல் மந்தமடையும். யூலை மாதத்துப் புழுக்கத்தில் கோபுரங்கள் திணறுவதற்கு இதுவே காரணம்.

ஆவியாகும் நீர் தன்னிலிருந்த உப்புக்களை விட்டுச் செல்கிறது. தொட்டிநீரின் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் விடாவிட்டால் தகடுகளில் காரை படியும். திறந்த தொட்டியில் தூசியும் விழும், பாசியும் பிடிக்கும். நீரின் வெப்பநிலையோ லீஜனெல்லா என்னும் பற்றீரியா பெருகுவதற்கு மிகவும் உகந்தது. விசிறிக் காற்றுடன் நுண்துளிகள் வெளியேறாதவாறு தடுப்புத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. எனினும் அவை எல்லாத் துளிகளையும் தடுப்பதில்லை. எனவே கிருமிநாசினி இடுவதும், தொட்டியைக் கழுவுவதும், நீரைப் பரிசோதிப்பதும் தவிர்க்க முடியாத கடமைகளாகின்றன.

இதன் பாரதூரத்தை ஸ்காபரோ 2005ஆம் ஆண்டு கண்டது. செப்டெம்பர் இறுதியில் அங்குள்ள செவன் ஓக்ஸ் முதியோர் இல்லத்தில் பலர் அடுத்தடுத்துக் கடும் நியுமோனியாவுக்கு ஆளாயினர். சார்ஸ் நோய் நகரை உலுக்கி இரண்டே ஆண்டுகள் கடந்திருந்தமையால் அச்சம் பன்மடங்காயிற்று. தொடக்கப் பரிசோதனைகள் காரணத்தைக் காட்டவில்லை. ஒக்ரோபர் 6ஆம் திகதி, இறந்தோரின் நுரையீரல் திசுக்களிலிருந்தே லீஜனெல்லா இனங்காணப்பட்டது. இல்லத்தின் குளிரூட்டல் கோபுரத்திலிருந்து வந்த நுண்துளிகள், கட்டடத்தினுள் காற்றை எடுக்கும் வாயில்வழி உட்புகுந்திருந்தன. வதிவோர் 23 பேர் உயிரிழந்தனர். ஊழியர்களும் பார்வையாளர்களும்கூட நோயுற்றனர்.

1976இல் பிலடெல்பியாவில் அமெரிக்கன் லீஜன் எனும் முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாட்டிற்கு வந்தோரிடையே முதன்முதலில் அறியப்பட்டமையால் இது லீஜனெயர்ஸ் நோய் எனப்படுகிறது. நோயாளியைப் பராமரிப்பதால் இது பொதுவாகத் தொற்றுவதில்லை. கிருமியுள்ள நுண்துளிகளைச் சுவாசிப்பதாலேயே வருகிறது. வீட்டு யன்னலில் பொருத்தும் குளிரூட்டி இத்தகைய நீர்க்கோபுரத்தைப் பயன்படுத்துவதில்லை; ஆதலால் அதனைக் குறித்து இவ்வகையில் அஞ்ச வேண்டியதில்லை.

நகர மையத்தில் சில கட்டடங்கள் வேறொரு வழியைக் கண்டுள்ளன. 2004 முதல் ஒன்ராறியோ ஏரியில் 83 மீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் 4 பாகை நீரின் குளிர்ச்சி, நகரசபைக் கட்டடம் உட்படப் பலவற்றுக்கு வழங்கப்படுகிறது. கோபுரங்களின் தேவையும் மின்செலவும் அங்கே குறைந்துள்ளன. ஸ்காபரோவின் கட்டடங்களுக்கு அவ்வசதி எட்டவில்லை.

கோபுரத்தைப் பராமரிப்பது கட்டட உரிமையாளரின் பொறுப்பாகும். நுண்துளிகளைச் சுவாசித்தபின் 2 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி ஆகியன தோன்றலாம். 50 வயதைக் கடந்தோர், புகைபிடிப்போர், நுரையீரல் நோயுடையோர், நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர் தாமதமின்றி மருத்துவரை நாடுதல் வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் இந்நோயைக் குணப்படுத்தலாம். சிகிச்சை எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நன்று. மருத்துவ ஆலோசனைக்கு 811 என்ற இலக்கத்தையும், நகரசபைச் சேவைகளுக்கு 311 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.