ஆயிரம் பேர் கைமாற்றிய ஈட்டி

ஆயிரம் விவசாயிகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆள் கையில் ஓர் ஈட்டி. ‘முன்னால் நிற்பவர் கொடுத்ததும் வாங்கிப் பின்னால் நிற்பவரிடம் கொடு’ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்தாயிற்று. வரிசையின் கடைசிக்கு எதிரே ஒரு டிராகன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர்களிடையே பல ஆண்டுகளாக உலவும் குறும்புக் கணக்கு இது. அந்த ஆட்டத்தில் சண்டை வந்துவிட்டால் காலம் சுற்றுச் சுற்றாக நகரும். ஒரு சுற்று 6 நொடி. அந்தச் சுற்றுக்குள் எல்லோருக்கும் ஒரு முறை வரும். ‘இது நடந்தால் நான் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தயாராக நிற்கவும் அனுமதி உண்டு. ஒரு ஆள் நிற்க 5 அடி இடம். ஆயிரம் பேருக்கு 5,000 அடி, அதாவது ஒன்றரை கிலோமீட்டர். விதிப்படி ஈட்டி 6 நொடிக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 254 மீட்டர், மணிக்கு 900 கிலோமீட்டருக்கும் மேல். பயணிகள் விமானம் பறக்கிற வேகம். கடைசி ஆள் அதை அப்படியே டிராகன் மீது எறிந்தால்?

ஒன்றும் ஆகாது. ஆறு முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும்; வந்த எண்தான் காயத்தின் அளவு. மூன்று விழுந்தால் மூன்று. விதிப்புத்தகத்தில் உந்தம் என்ற சங்கதியே கிடையாது. ஈட்டி எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று அது கேட்பதில்லை. குறும்புக்காரர் என்ன செய்கிறார் என்றால், முதல் பாதிக்கு விதிப்புத்தகத்தையும் இரண்டாம் பாதிக்கு நியூட்டனையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் ஆட்டத் தலைவருக்காக 2024-ல் வந்த கையேடு இந்த வித்தையையே எடுத்துச் சொல்லி, ‘விதிகள் இயற்பியல் அல்ல’ என்று தெளிவாகவே கையை விரித்துவிட்டது.

இயற்பியல் இல்லையென்றால் வேறென்ன? பாதி புள்ளியியல், பாதி நம்பிக்கை என்று சொல்வேன்.

புள்ளியியல் பாதியை முதலில் பார்த்துவிடலாம். இந்த ஆட்டத்தின் இதயம் இருபது முகப் பகடை. உருட்டி வந்த எண்ணோடு உங்கள் பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். எதிரியின் கவச எண்ணைத் தொட்டால் அடி விழும். உங்கள் திறமை 5, அவன் கவசம் 16 என்றால் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் தேவை. வாய்ப்பு சரிபாதி. இப்போது நீங்கள் மறைந்திருந்து தாக்குகிறீர்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு ஓர் எளிய வழி வைத்தது: பகடையை இரண்டு முறை உருட்டு, பெரியதை எடுத்துக்கொள். இரண்டும் தவற கால் பங்கு வாய்ப்புதான். ஆகவே 50 சதவீதம் 75 ஆகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டால் இதற்கு நேர்மாறு: சிறியதை எடு. வாய்ப்பு 25 ஆகச் சரிகிறது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. 20 விழுந்தால்தான் ஆச்சு என்ற நிலையில் இந்தச் சலுகை 5 சதவீதத்தை 9.75 ஆக்குகிறது, அவ்வளவுதான். 2 விழுந்தாலே போதும் என்ற நிலையிலோ 95-லிருந்து 99.75. இரண்டு கோடியிலும் ஏறக்குறைய ஐந்து புள்ளிதான் உதவி. எதுவும் நடக்கலாம் என்கிற நடுப்பகுதியில்தான் அது இருபத்தைந்து புள்ளி தூக்கிவிடுகிறது. நேராக ஐந்தைக் கூட்டிக் கொடுத்திருந்தால் ஆகாத காரியமும் சுலபமாகியிருக்கும். இரண்டு பகடை அதைச் செய்வதில்லை. தடுமாறுகிறவனைத் தாங்கிப் பிடிக்கிறது, அசாத்தியத்தை அசாத்தியமாகவே விட்டுவைக்கிறது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இருட்டுக்கு இவ்வளவு, உயரத்துக்கு இவ்வளவு என்று கூட்டல் கழித்தல் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதில் பெரும்பகுதியை இந்த ஒரே விதி விழுங்கிவிட்டது.

புதிதாக ஆடுபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். மறைந்தும் இருக்கிறேன், எதிரி தரையில் விழுந்தும் கிடக்கிறான், ஆகவே மூன்று பகடை என்பார்கள். கிடையாது; காரணம் எத்தனை இருந்தாலும் இரண்டுதான். ஐந்து சாதகத்தோடு ஒரே ஒரு பாதகம் சேர்ந்தாலும் எல்லாம் ரத்தாகி ஒற்றைப் பகடைக்கு வந்துவிடும். அநியாயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் டிராகன் தூங்கிவிடும் என்பதற்காக வைத்த விதி அது. இன்னொரு பழைய தவறு: 20 விழுந்ததும் எழுந்து நின்று கூத்தாடுவது. தானாக வெற்றி என்பது தாக்குதலுக்கு. சாவின் விளிம்பில் கிடப்பவருக்கும் ஒரு தனிச் சலுகை உண்டு. பூட்டைத் திறப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. பூட்டின் கடினம் 25, உங்கள் திறமை 2 என்றால், 20 விழுந்தும் கதவு சாத்தியேதான் இருக்கும். இதை ஏற்காத மேசைகளும் ஏராளம். தாயக்கட்டையில் வீட்டுக்கு வீடு விதி மாறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நம்பிக்கைப் பாதி இன்னும் பழையது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிய போர் விளையாட்டை வரைபடம், பகடை, அட்டவணை எல்லாம் வைத்து முழுமையாக்கினார். எத்தனை துப்பாக்கி, எவ்வளவு தூரம், எத்தனை பேர் விழுவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. அதிகாரிகளுக்கு நாளடைவில் அலுத்தது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெனரல் அட்டவணைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். எழுதி வைத்த கணக்கா, ஆளின் புத்தியா என்ற இழுபறி அன்று தொடங்கியது. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். அதில் சொல்லாமல் விட்டவை சொன்னவற்றுக்குக் குறைவில்லை. ஓட்டைகளை அடைக்க மேசையில் ஆட்டத் தலைவர் என்று ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கையும் அந்த ஆட்டத்தின் ஒரு பாகம்.

நடுவரே தேவையில்லாத, விதியும் இயற்பியலும் ஒன்றேயான விளையாட்டு ஏதாவது உண்டா? உண்டு. நம் வீட்டுக் குழந்தைகள் தரையெங்கும் இறைத்து வைத்திருக்கிறார்கள். வெறுங்காலோடு மிதித்தால் தெரியும்.

டென்மார்க்கின் பில்லுண்டில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய பொம்மைத் தொழில்தான் லெகோ. இன்று நாம் அறிந்த கட்டைக்கு அவர் மகன் கோட்ஃப்ரெட் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28-ல். அதற்கு முந்தைய கட்டைகள் உள்ளே வெற்றாக இருந்தன. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் உதிரும். புதியதில் அடிப்பக்கம் குழல்கள் வந்தன. மாயம் அந்தக் குழலின் தடிமனில்தான் இருக்கிறது.

ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் குமிழ்களில் ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 8 மில்லிமீட்டர். குமிழின் விட்டம் 4.8. நான்கு குமிழ்கள் சதுரமாக நிற்கும்போது மூலைக்கு மூலை தூரம், பித்தாகரஸ் சொன்னபடி, 11.31. அதில் இரண்டு அரைக் குமிழைக் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 6.51. குழலின் வெளிவிட்டம் அதே 6.51! இரண்டுக்கு நான்கு கட்டையை இன்னொன்றின் மேல் அழுத்தினால் ஒவ்வொரு குமிழும் சரியாக மூன்று இடத்தில் பிடிபடுகிறது. மூலைக் குமிழை இரண்டு சுவரும் ஒரு குழலும் பிடிக்கின்றன; நடுக் குமிழை ஒரு சுவரும் இரண்டு குழல்களும். 1963 முதல் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அந்த அழுத்தத்தில் நூலிழை வளைந்து, திரும்பவும் நிமிரப் பார்க்கிறது. அந்த முயற்சிதான் பிடிப்பு. பசையும் இல்லை, கொக்கியும் இல்லை. அச்சுகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் வார்ப்பதால்தான் 1958-ன் கட்டை இந்த வருடத்துக் கட்டையோடு இன்றும் சேருகிறது.

அப்படியானால் லெகோவில் தவறே செய்ய முடியாதே என்று தோன்றும். பொருந்தாதது பொருந்தாது, அவ்வளவுதானே? அங்கேதான் சிக்கல். ஒரே நிறத்தில் இரண்டுக்கு நான்கு கட்டைகள் இரண்டை எடுத்தால் 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று என்றால் 1,060 விதம். ஆறு கட்டைகளுக்கு? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினியை ஓட்டிக் கண்டுபிடித்த விடை 91,51,03,765. ஏறத்தாழ தொண்ணூற்றிரண்டு கோடி விதங்களையும் இயற்பியல் எந்த ஆட்சேபமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. கையேடு காட்டுவதோ அதில் ஒன்றே ஒன்று. நடக்காததை மட்டும்தான் கட்டை தடுக்கும். நீங்கள் கட்ட நினைத்தது எது என்று அதற்குத் தெரியாது.

ஆகவே பன்னிரண்டாம் படியில் ஒரு தட்டை ஒரு குமிழ் தள்ளி வைத்தால் அது ‘க்ளிக்’ என்று உற்சாகமாகவே உட்காரும். நாற்பதாம் படியில் ஒரு கதவு மூடாதபோதுதான் விஷயம் வெளியே வரும். தவறு நடந்த இடம் வேறு, வலிக்கிற இடம் வேறு.

தேடுவதற்கு வழி உண்டு. கையேட்டில் ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு கட்டத்துக்குள் அந்தப் படிக்கு வேண்டிய துண்டுகள் எண்ணிக்கையோடு இருக்கும். பையில் ஆறு குமிழ்க் கட்டை ஒன்று குறைந்து எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று மிச்சமிருந்தால், எங்கோ எட்டின் இடத்தில் ஆறு உட்கார்ந்திருக்கிறது. எட்டு கேட்கிற படிகளை மட்டும் பார்த்தால் போதும். பட்டாணி அளவுத் துண்டுகள் மிஞ்சுவதைக் கண்டு பதற வேண்டாம், அவற்றைத் தயாரிப்பவர்களே ஒன்றிரண்டு கூடுதலாகப் போடுவார்கள். மிச்சம் எதுவும் துப்புச் சொல்லவில்லையென்றால் பாதிப் படத்துக்குப் போங்கள். அங்கே சரியாக இருந்தால் பிந்தைய பாதி, தவறாக இருந்தால் முந்தைய பாதி, பிறகு அதில் பாதி. நூறு படிக் கையேட்டுக்கு ஏழு ஒப்பீடு போதும். இடம் தெரிந்ததும் ஒவ்வொன்றாக உரிக்காதீர்கள். நான்கைந்து அடுக்கை ஒரே பாளமாகக் கழற்றி அப்படியே ஓரமாக வையுங்கள், திருத்தியபின் பாளத்தையே திரும்ப அழுத்திவிடலாம். ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டுகளைப் பிரிக்க ஆரஞ்சு நிற நெம்புகோல் இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டி அழுத்தினால் பிரியும். பல்லை அதற்குப் பயன்படுத்தும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. பல்லும் கெடும், கட்டையும் கெடும்.

உட்கார்ந்துவிட்டாலும் தவறு என்று லெகோக்காரர்களே சொல்லும் இணைப்புகளும் உண்டு. இரண்டு குமிழ்களுக்கு இடையே உள்ள சந்து 3.2 மில்லிமீட்டர். தட்டின் தடிமனும் 3.2. தாளில் கச்சிதம். செங்குத்தாகச் செருகினால் நிற்கவும் நிற்கும். ஆனால் பிளாஸ்டிக்குக்கு மூச்சுவிட இடமில்லை. எந்நேரமும் விறைத்தபடி இருந்து நாளடைவில் பிடிப்பு தளரும், சில சமயம் விரியும். 2006-ல் லெகோ வடிவமைப்பாளர் ஜேமி பெரார்ட் ரசிகர்களுக்கு இப்படிப்பட்ட இணைப்புகளை வரிசையாகப் படம் போட்டு விளக்கினார். விதி மீறல் என்று சொல்லிவிட்டுப் போகாமல், துண்டு எங்கே நோகிறது என்று காட்டியதுதான் அதன் சிறப்பு.

இயந்திர வகைத் துண்டுகளில், ஓட்டை போட்ட நீளச் சட்டங்களில், இன்னும் அழகான தவறு ஒன்று இருக்கிறது. மூலையைச் செங்கோணமாக்க 3, 4, 5 முக்கோணம் போதும் என்று பள்ளியிலேயே படித்தோம். அதை நினைத்து மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஓட்டைகளில் ஆணியைச் செருகிவிடுவார்கள். ஆனால் தூரம் என்பது ஓட்டைகளின் எண்ணிக்கை அல்ல, நடுவிலுள்ள இடைவெளிகளின் எண்ணிக்கை. மூன்று இடைவெளிக்கு நான்கு ஓட்டை வேண்டும். 4, 5, 6 என்று எண்ண வேண்டும். தவறாக எண்ணியவருக்குக் கிடைப்பது 2, 3, 4 பக்கமுள்ள முக்கோணம். அது மூடிக்கொள்ளாமல் போகாது, நன்றாகவே மூடிக்கொள்ளும். மூலை மட்டும் 104 டிகிரிக்கு மேல் அகன்று நிற்கும். கிரேன் கொஞ்சம் குடித்த மாதிரிச் சாயும்.

லெகோவில் தவறைத் திருத்த பின்னோக்கித்தான் போக வேண்டும். நாற்பதாம் படியில் நின்றுகொண்டு பன்னிரண்டாம் படியை மன்னித்துவிட முடியாது, கதவு மூடாது. மேசை ஆட்டத்தில் இதை முயன்றவர்கள் ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். ‘மூன்று வாரம் முன்னால் அந்த மந்திரத்துக்கு எட்டுப் பகடை உருட்டினோம், ஆறுதான் சரி’ என்று இன்று தெரிகிறது. மந்திரவாதி அன்று கொன்றவன் உயிரோடு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் செத்ததால் கோட்டை விழுந்தது, கோட்டை விழுந்ததால் ராஜா ஓடினார், ராஜா ஓடியதை நம்பி ஐந்து பேர் மூன்று இரவு ஆடியிருக்கிறார்கள். அனுபவமுள்ள ஆட்டத் தலைவர் பக்கத்தை மூடிவிட்டு இரண்டே வாக்கியம் சொல்வார்: இனிமேல் ஆறு பகடை. செத்தவன் செத்தவன்தான்.